பத்தில் ஒரு பங்குதான் வீடு

பெரிய வளவுகளில் வாழ்ந்த யாழ்ப்பாணக் குடும்பங்கள் இரண்டு பரப்புக் காணிக்கும் இரண்டு அறை வீட்டுக்கும் வந்துவிட்டன. படுக்கை, படிப்பு, கிணறு, கலியாணம், செத்தவீடு என்று எல்லாமே இடம் மாறுகின்றன. இந்த மாற்றத்தில் நாம் எதை இழந்தோம், எதை இன்னும் காப்பாற்றலாம்?

இரவு ஒன்பதரை. சாப்பாட்டுக் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ரிவியை நிறுத்துகிறார்கள், ஏனென்றால் ரிவி இருக்கும் ஹோல்தான் இனிப் படுக்கையறை. பிளாஸ்ரிக் கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விறாந்தை மூலைக்குப் போகின்றன. வாசற்படியில் சாய்த்த பலகை வழியே மோட்டார் சைக்கிள் உள்ளே வருகிறது. சுவரோடு நிறுத்தியிருந்த பாய்கள் விரிகின்றன. அம்மம்மா இரவில் இரண்டு தரமாவது எழும்புவார், ஆகவே கதவோரம் அவருக்கு. உயர்தரம் படிக்கும் பேத்திக்குப் பதினொரு மணிவரை வெளிச்சம் வேண்டும், ஆகவே அவள் புத்தகங்களோடு குசினிக்குள். மூத்தவன் நுளம்புவலையோடு விறாந்தையில். கலியாணம் முடித்துப் புதிதாக வந்த சோடிக்கு ஓர் அறை. மற்ற அறையில் பாதியை அலுமாரியும் நெல்மூட்டையும் தையல் மெசினும் பிடித்துக்கொள்ள, மிச்சத்தில் தாயும் கடைசிப் பிள்ளையும். தகப்பன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறார்.

இது தெரிந்தெடுத்த ஒரு குடும்பத்தின் படமன்று. வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய எந்த ஒழுங்கைக்குள் இரவில் நுழைந்தாலும் இதற்குக் கிட்டிய காட்சியைக் காணலாம். “ஆர் எங்க படுக்கிறது?” என்பதுதான் இந்த வீடுகளில் ஒவ்வோர் இரவும் எழும் கேள்வி.

2015 மார்ச் 14ஆம் திகதி இளவாலையில் ஒரு நிகழ்வு நடந்தது. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, இந்திய வீட்டுத் திட்டத்தின் வீடுகளைக் கையளிக்க வந்தார். புதுவீட்டில் பால் காய்ச்சினார்கள். உலகமெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்தது. பால் பொங்கியபோது கண்கலங்காத தாய்மார் இருந்திருக்க மாட்டார்கள். கூரை கிடைத்த நாள் அது. ஆனால் குடிபுகுதல் ஒரு நாளோடு முடிந்துவிடும், குடியிருத்தல் ஒவ்வொரு நாளும் நடக்கவேண்டும். அந்த நாளாந்த வாழ்வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கூரை பெரிதாக இருந்ததா?

“முந்தி எங்கட வீடு எவ்வளவு பெரிசு” என்று சொல்லாத குடும்பம் குடாநாட்டில் இல்லை. அந்தப் ‘பெரிசு’ எங்கே இருந்தது என்று கொஞ்சம் நிதானித்துப் பார்க்கவேண்டும்.

நாற்சார் வீடு என்று நாம் பெருமைப்படும் வீடு, நடுவில் வானம் திறந்த முற்றமும் நான்கு பக்கமும் தாழ்வாரமும் கொண்டது. அது வசதி படைத்தோரின் வீடு. அதற்கு முந்திய பழைய குடியிருப்பில் ஒரே கூரையின் கீழ் எல்லாம் இருந்ததில்லை. பொருள் பண்டம் வைத்துப் பூட்டும் இருண்ட சிறு அறையே ‘வீடு’. வந்தவர்களை இருத்திக் கதைக்கத் தலைவாசல். சமைக்கத் தனியாக அடுக்களை. மாட்டுக்குக் கொட்டில். இவற்றுக்கு நடுவே சாணி தெளித்துக் கூட்டிய முற்றம். அப்பால் கிணற்றடி, வாழை, மா, பலா, முருங்கை, வேலியோரப் பனை. சுற்றிவரக் கிளுவையும் பூவரசும் கதியாலாக நிற்க, கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்த வேலி. இத்தனையும் சேர்ந்த வளவில்தான் குடும்பம் வாழ்ந்தது. கூரைக்குள் போனது மழைக்கும் பனிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும்தான்.

ஆகவே சின்னக் கூரை நமக்குப் புதிதன்று. கூரையைச் சுற்றியிருந்த வெளி சுருங்கியதே புதிது. இடப்பற்றாக்குறையைப் பேசும்போதெல்லாம் சதுர அடியைப் பேசுகிறோம். பேசவேண்டியது பரப்பை.

இன்னோர் உண்மையையும் சொல்லியாகவேண்டும். எல்லோரும் பெரிய வளவிலிருந்து வந்தவர்கள் அல்லர். சாதியின் பெயரால் காணி மறுக்கப்பட்டவர்கள், பிறர் காணியில் கொட்டில் போட்டுக் குடியிருந்தவர்கள், தலைமுறை தலைமுறையாகச் சின்ன வீட்டிலேயே பிறந்து அங்கேயே இறந்தார்கள். அவர்களுக்கு ‘முந்தின பெரிய வீடு’ என்றொரு நினைவே இல்லை. போர் முடிந்த பிறகும் முகாம்களில் கடைசிவரை எஞ்சியவர்களில் பலர் அவர்களே. திரும்பிப் போகச் சொந்தக் காணி அவர்களுக்கு இருக்கவில்லை.

---
பெட்டி 1: பரப்புக் கணக்கு

● 16 பரப்பு = 1 ஏக்கர். 1 பரப்பு = 10 பேர்ச்.

● 1 பேர்ச் = 272.25 சதுர அடி. ஆகவே 2 பரப்பு = 5,445 சதுர அடி.

● இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு ஏறத்தாழ 550 சதுர அடி. இரண்டு பரப்புக் காணியில் அது பத்தில் ஒரு பங்கு. மிச்சம் ஒன்பது பங்கும் வளவு.

● அதே வீட்டை ஒரு பரப்புக் காணியில் கட்டினால் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துவிடும். கிணறு, மலசலகூடம், வழி மூன்றையும் கழித்தால் முற்றம் என்று சொல்ல மிஞ்சுவது சொற்பம்.

● எட்டுப் பரப்பு வளவை நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு பரப்பு. அடுத்த தலைமுறையில் இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பரப்பு. அரை ஏக்கர் காணி ஒற்றைப் பரப்பாவதற்கு இரண்டு தலைமுறை போதும்.

---

காணி எப்படிச் சிறுத்தது?

முதற் காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, யாழ்ப்பாணத்தாரின் சீதன வழக்கத்தைச் சட்டமாக எழுதிவைத்தது. பெண்பிள்ளைக்கு வீடுவளவு கொடுக்கும் வழக்கம் பெண்ணுக்கு ஒரு பிடிமண்ணை உறுதி செய்தது, அது பெரிய காரியம். ஆனால் ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒரு வேலி குறுக்கே விழுந்தது. பழைய சீதன உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியின் பங்கோடு கிணற்றில் பங்கு, வழி வாய்க்காலில் பங்கு என்று எழுதியிருக்கும். காணியைப் பிரித்தவர்கள் கிணற்றைப் பிரிக்காமல் பொதுவில் விட்டார்கள். அந்த அறிவை நாம் பின்னர் மறந்துவிட்டோம்.

இரண்டாவது காரணம் போர். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, மாவிட்டபுரம் என்று ஊர் ஊராக எழும்பி வெளியேறினார்கள். சில நாளில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு போனவர்கள் அதிகம். அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாக நடந்தது. தென்மராட்சியில் ஒரு வீட்டுக்குள் எட்டுப் பத்துக் குடும்பங்கள் ஒண்டின. கோவில் மடத்திலும் பாடசாலை மேசைக்கு அடியிலும் பிள்ளைகள் படுத்தார்கள். நெருக்கமாக வாழ்வது எப்படி என்பதை ஒரு சமூகம் முழுவதும் ஓர் இரவில் படித்த நாள் அது.

மூன்றாவது காரணம் சத்தமில்லாதது. 1981 குடித்தொகைக் கணக்கில் இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். 2012இல் 6 இலட்சத்துக்கும் குறைவு. ஆட்கள் குறைந்தும் காணி கிடைப்பது கடினமாயிற்று. படைகள் வைத்திருக்கும் நிலம் ஒருபுறம். கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் இருப்போரின் பெயரில் பூட்டிக் கிடக்கும் வளவுகள் மறுபுறம். ஓர் ஒழுங்கையில் மாடிவீடு ஒன்று ஆளில்லாமல் நிற்கும், அதன் மதிலுக்கு அப்பால் இரண்டு அறைக்குள் ஏழு பேர் இருப்பார்கள். யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த மாடிவீட்டுக்காரரும் ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்து காசு சேர்த்தவராக இருக்கலாம்.

ஒரே வீடு, இரண்டு அளவு

அதே 550 சதுர அடி வீடு, யார் எங்கிருந்து வந்தார் என்பதைப் பொறுத்துப் பெரிதாகும், சிறிதாகும்.

மல்லாகம், சுன்னாகம், கோணப்புலம் முகாம்களில் இருபது இருபத்தைந்து வருடம் கிடந்தவர்களை நினைத்துப் பாருங்கள். தகரமும் கிடுகும் தறப்பாளுமான ஒற்றைக் கொட்டில். ஒருவர் இருமினால் ஐந்து கொட்டிலுக்குக் கேட்கும். மலசலகூடத்துக்கு வரிசை. முகாமில் பிறந்த பிள்ளை முகாமிலேயே சாமத்தியப்பட்டு, அங்கேயே கலியாணமும் முடித்தது. அந்தக் குடும்பத்துக்குப் பூட்டுப் போட ஒரு கதவும் உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கிடைத்தது மாளிகைக்குச் சமம்.

ஆறு பரப்பு வளவும் ஓட்டுவீடும் மாட்டுக்கொட்டிலுமாக இருந்து எழும்பியவர்களுக்கு அதே வீடு மூச்சு முட்டுகிறது. அவர்கள் பழைய வாழ்க்கையைப் புது வீட்டுக்குள் மடக்கிவைக்கப் பார்க்கிறார்கள். அது அடங்குவதில்லை.

இதனால்தான் பலர் அத்திவாரத்தைத் திட்டத்தில் சொன்னதைவிடப் பெரிதாகப் போட்டார்கள். உதவித்தொகை ஐந்தரை இலட்சம் ரூபா, தவணை தவணையாக வங்கிக்கு வந்தது. சீமெந்தும் மணலும் கூலியும் ஏறியபோது மேலதிக அறை யன்னல் மட்டத்தில் நின்றுபோனது. காப்பு, தாலிக்கொடி அடைவுக்குப் போயின. இன்றும் குடாநாட்டில் கூரையில்லாத நான்கு சுவரைப் பல வீடுகளின் பின்னால் பார்க்கலாம். உள்ளே வாழைமரம் நிற்கும். அது பேராசையின் சின்னமென்று சிலர் நினைக்கிறார்கள். மகளுக்கென்று ஓர் அறையைக் கனவு கண்ட தாயின் கணக்கு அது.

---
பெட்டி 2: வீடும் காணியும், ஆண்டு வரிசையில்

● 1990 ஜூன்: வலிகாமம் வடக்கு மக்களின் பெரும் இடப்பெயர்வு தொடங்கியது.

● 1995 அக்டோபர் 30: வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் பேரிடப்பெயர்வு.

● 2010: இந்தியா 50,000 வீடுகள் தருவதாக அறிவித்தது. வடக்கில் முதல் 1,000 வீடுகளின் வேலை தொடங்கியது.

● 2012: வடக்கு, கிழக்கில் பயனாளிகளே தம் வீட்டைக் கட்டும் முறையில் 45,000 வீடுகளுக்கான கட்டம் ஆரம்பம்.

● 2013: வலிகாமத்தில் 6,000 ஏக்கருக்கும் மேற்பட்ட தனியார் காணியைச் சுவீகரிக்க அறிவித்தல். காணிச் சொந்தக்காரர்கள் பெருந்தொகையாக நீதிமன்றம் போனார்கள்.

● 2015: காணி விடுவிப்பு கட்டம் கட்டமாக நடந்தது. டிசம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கோணப்புலம் முகாமுக்கு வந்து, ஆறு மாதத்தில் மீள்குடியேற்றம் முடியும் என்றார்.

● 2016: கீரிமலைப் பக்கம் நல்லிணக்கபுரத்தில் 100 வீடுகள் கையளிக்கப்பட்டன.

● 2017 ஜூலை: மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய நிலமும் விடுவிப்பு.

● 2025 ஏப்ரல்: வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்டது.

---

பெண்களுக்கு இருந்த இடம்

வளவு சுருங்கியதில் அதிகம் இழந்தவர்கள் பெண்கள்.

பழைய வளவில் முன்பக்கம் ஆண்களின் உலகம். தலைவாசல், திண்ணை, படலை, ஒழுங்கை. வீட்டுக் கோடிப்புறமும் கிணற்றடியும் அடுக்களைத் தாழ்வாரமும் பெண்களின் உலகம். அழவேண்டிய பெண் கோடிப்புறம் போய் அழுதாள். மாமியோடு முரண்பட்டவள் கிணற்றடியில் நாலு வாளி கூட வார்த்துவிட்டுத் திரும்பினாள். பக்கத்து வளவுக்குப் போக வேலியில் ஒரு பொட்டு இருந்தது. படலையால் போனால் ஊர் பார்க்கும், பொட்டால் போனால் சின்னம்மா மட்டும் பார்ப்பாள். ஒரு சுண்டு அரிசியும் ஒரு பிடி கறிவேப்பிலையும் ஒரு குடும்ப இரகசியமும் அந்தப் பொட்டால் போய்வந்தன.

இப்போது வேலி மதிலாயிற்று. மதிலில் பொட்டு வைக்க முடியாது. கோடிப்புறம் இரண்டு அடி ஓடையாகிவிட்டது, அதற்குள் எரிவாயுச் சிலிண்டரும் உடைந்த சைக்கிளும். குளியல் மலசலகூடத்தோடு ஒட்டிய சிறு அறைக்குள் போயிற்று. அதில் மறைவு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் தனிமைக்கென்று பெண்ணுக்கிருந்த வெளி இல்லாமற் போய்விட்டது. கோபம் ஆறுமுன்னே கோபப்பட்டவரின் முகத்தைப் பார்க்கவேண்டிய வீட்டில், சின்னச் சொல் பெரிய சண்டையாகிறது. கணவன் குடிப்பவனாக இருந்தால் நிலைமை இன்னும் கொடிது. ஒதுங்கி நிற்க இடமில்லாத வீட்டில் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்தே வளர்கிறார்கள்.

புதுச்சோடியின் பாடும் அப்படியே. மெல்லிய சுவருக்கு அப்பால் மாமா இருமுகிறார், மாமி பாய் திருப்புகிறார். தமக்குள் நாலு வார்த்தை கதைக்கக் கோவிலுக்குப் போய்வருகிறோம் என்று சொல்லிப் புறப்படும் சோடிகள் உண்டு. கலியாணத்தின் முதலாண்டில் கிடைக்கவேண்டிய அந்தரங்கம் கிடைக்காததால் எத்தனை உறவுகள் கசந்தன என்பதைக் குடும்பங்கள் வெளியே சொல்வதில்லை.

குசினிக்குள் படிக்கும் பிள்ளை

யாழ்ப்பாணத்தான் காணியை விற்றாவது பிள்ளையைப் படிப்பிப்பான் என்பார்கள். அந்தக் காணியே சிறுத்த பிறகு படிப்புக்கான இடமும் சிறுக்கிறது. பழைய வீட்டில் விறாந்தைக் கோடியில் ஒரு மேசை, மாமரத்தடியில் ஒரு சாய்மனை. விடிய நாலரைக்கு எழும்பிச் சத்தம் போட்டுப் பாடமாக்கினாலும் யாருக்கும் தொந்தரவில்லை. இன்று நாலரைக்கு விளக்குப் போட்டால் ஐந்து பேர் எழும்புவார்கள். சத்தமாகப் படிக்க முடியாது. மாலையில் ரியூசன் முடிந்து வரும் பிள்ளைக்கு ரிவியின் சத்தமும் தொலைபேசிக் கதையும் கறி தாளிக்கும் புகையும் ஒரே அறைக்குள்.

ரியூசன் கொட்டில்களில் இரவு ஏழு எட்டு மணிவரை பிள்ளைகள் நிற்பதற்குப் போட்டி மட்டும் காரணமன்று. வீட்டில் மேசை இல்லை என்பதும் காரணம்.

இதற்கு நம்மிடமே மருந்து இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு சனசமூக நிலையம், அதற்குள் ஒரு வாசிகசாலை. பத்திரிகை வாசிக்கவும் கரம் விளையாடவும் ஊர்க்கூட்டம் வைக்கவும் நம் முன்னோர் பங்குக்காசு சேர்த்துக் கட்டிய இடங்கள். பல நிலையங்கள் இன்று பின்னேரம் ஒரு மணித்தியாலம் திறந்து பூட்டப்படுகின்றன. நாலு மேசை, எட்டுக் கதிரை, இரவு ஒன்பது வரை மின்விளக்கு, மேற்பார்வைக்கு இளைப்பாறிய ஓர் ஆசிரியர் இருந்தால், ஒரு கிராமத்தின் இருபது வீடுகளுக்கு ஒரு படிப்பறை கிடைத்துவிடும். இதற்கு வெளிநாட்டுத் திட்டம் எதுவும் தேவையில்லை.

கிணறும் குழியும்

இடநெருக்கடியின் ஆபத்தான பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் நிலத்துக்குக் கீழே இருக்கிறது.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்த அந்தக் கல்லுக்குள் மழைநீர் தங்குகிறது, நாம் அதை இறைத்துக் குடிக்கிறோம். வற்றாத ஆறில்லாத நாட்டில் அதுவே நம் ஆறு. வெடிப்பு வழியே நல்ல தண்ணீர் போவதுபோலவே அழுக்கும் போகும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவே 30 மீற்றராவது இருக்கவேண்டும் என்பது பொதுச் சுகாதாரத்தில் வழக்கமாகச் சொல்லும் அளவு. வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் அதுகூடப் போதாமற் போகலாம்.

இரண்டு பரப்புக் காணி சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ இருபத்திரண்டரை மீற்றர். ஒரு மூலையில் கிணறும் நேர் எதிர்மூலையில் குழியும் வைத்தால்தான் 30 மீற்றரை ஒருவாறு எட்டலாம். பக்கத்து வளவுக்காரர் தன் குழியை எங்கே வைத்திருக்கிறார்? அவருடைய குழி நம் கிணற்றுக்கு ஐந்து மீற்றரில் இருந்தால் நம் அளவெல்லாம் வீண். ஒரு பரப்புக் காணியில் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். கைக்குழந்தைகளுக்கு அது நஞ்சு.

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் வீடு வீடாக வந்துசேரும்போது இந்தப் பயம் குறையும். அதுவரை, நாலு வீட்டுக்கு ஒரு நல்ல கிணறு என்ற பழைய பங்குக்கிணற்று வழக்கத்துக்குத் திரும்புவது அறிவு. ஆளுக்கொரு கிணறு, ஆளுக்கொரு குழி என்று கல்லைத் துளைத்துக்கொண்டே போனால், நம் குழியையே நாம் குடிப்போம்.

நல்லதும் கெட்டதும் எங்கே?

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முற்றத்தில் பந்தல் போட்டு, உடலைக் கூடத்தில் கிடத்தி, பெண்கள் சுற்றியிருந்து ஒப்பாரி வைக்க, ஆண்கள் வேலியோரம் கதிரை போட்டு இருப்பார்கள். எட்டுச் செலவு, வீட்டுக்கிருத்தியம் எல்லாமே அந்த வளவில். கலியாணத்துக்குப் பொன்னுருக்கு, பெண்பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு, தைப்பொங்கலுக்குக் கிழக்குப் பார்த்த முற்றத்தில் கோலமும் மூன்று கல்லும். வீடு ஊரைக் கூப்பிட்டது முற்றத்தால்தான்.

இப்போது சடங்குகள் மண்டபத்துக்குப் போகின்றன. மண்டப வாடகை, சோடனை, சாப்பாடு என்று செலவு ஏறுகிறது. முந்தி ஊரே வந்து வாழை கட்டி, தேங்காய் துருவி, கிடாரம் தூக்கிச் செய்த வேலையை இன்று காசு செய்கிறது. மண்டபத்துக்குக் காசில்லாதவர்கள் சடங்கையே சுருக்கிக்கொள்கிறார்கள். செத்தவீட்டை மட்டும் மண்டபத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஒழுங்கையை மறித்துத் தறப்பாள் கட்டுகிறார்கள். மதிலுக்கு அப்பாலிருக்கும் பூட்டிய வளவின் கேற்றைத் திறந்துவிட அதன் பராமரிப்பாளர் மனம் வைத்தால், அன்றைக்கு மட்டும் அந்த வளவு ஊரின் முற்றமாகிறது.

முதியவர்களுக்கும் இது பெரிய இழப்பு. திண்ணையில் இருந்தவருக்கு ஒழுங்கையால் போகும் ஒவ்வொருவரும் ஒரு செய்தி. “எங்க போறாய், தம்பி?” என்று கேட்டபடி அவர் ஊரோடு இருந்தார். இன்று அவர் கட்டிலில் இருந்து சுவரைப் பார்க்கிறார். கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடிகளுக்குப் பிள்ளைகளோடு போன அம்மம்மாக்களும் இதையே அனுபவித்தார்கள். அங்கே காற்றும் கடலும் உண்டு, படலை இல்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பெரிய வளவைக் கூட்டிப் பெருக்கி, சாணி தெளித்து, வேலி அடைத்து, மாடு கட்டி முதுகொடிந்தவர்களும் பெண்களே. சின்ன வீடு அந்தப் பாரத்தில் பாதியை இறக்கியது. தகப்பனும் பிள்ளையும் ஒரே அறையில் இருந்து கதைக்கும் வீடுகள் உண்டு. முந்திய பெரிய வீட்டில் தகப்பன் தலைவாசலில், பிள்ளை அடுக்களையில் என்று முகம்பாராமலே வளர்ந்தவர்கள் நம்மில் பலர். நெருக்கம் சில குடும்பங்களை நெருங்கவும் வைத்திருக்கிறது.

---
பெட்டி 3: சின்னக் காணியில் வீடு வைப்போருக்கு

● வீட்டைக் காணியின் நடுவில் வைக்காதீர்கள். ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தால் மிச்சம் ஒரே முற்றமாகச் சேரும். நடுவில் வைத்தால் நாலு பக்கமும் உதவாத ஓடைகளே மிஞ்சும்.

● அத்திவாரம் வெட்டுமுன் அயலவரின் கிணறும் குழியும் எங்கே என்று பாருங்கள். உங்கள் குழியின் இடத்தை முதலில் தீர்மானியுங்கள்.

● மேலதிக அறைக்கு முந்தி அகலமான விறாந்தை. அது பகலில் திண்ணை, மாலையில் படிப்பறை, இரவில் படுக்கை.

● பின்னால் பத்தி இறக்க இடம் விடுங்கள். நம் வீடுகள் ஒரே நாளில் கட்டப்பட்டவை அல்ல, பிள்ளைகளோடு வளர்ந்தவை.

● மதிலை எழுப்பினாலும் உறவுள்ள அயலுக்கு ஒரு சிறு கதவு வையுங்கள்.

---

வளரக்கூடிய வீடு

2016இல் வடக்கு, கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் தரும் திட்டம் பேசப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அந்தக் காசில் கல்வீடு இரண்டு கட்டலாம் என்றது ஒரு வாதம். வெப்பத்துக்கும் கடற்காற்றுக்கும் உருக்கு தாங்குமா என்றது மற்றது. இவற்றுக்கு அடியில் குடும்பங்களின் மனத்தில் இருந்த கேள்வி ஒன்றுதான். பிள்ளை வளர்ந்தால் இந்த வீட்டில் ஒரு பத்தி இறக்க முடியுமா? ஊர் மேசன் கை வைக்க முடியாத வீட்டில் குடும்பம் கட்டிய அன்றைய அளவிலேயே நின்றுவிடும். மகளுக்கு ஓர் அறை, தாய்க்கு ஒரு திண்ணை என்று காலம் கேட்பதைச் சேர்க்க முடியாத வீடு நமக்கு ஆகாது.

மயிலிட்டிக் கடற்தொழிலாளரைக் கேட்டால் இன்னும் தெளிவாகும். அவர்களின் வீடு எப்போதும் சிறிதுதான். வலையும் இயந்திரமும் கடற்கரை வாடியில். பிள்ளைகள் மணலில். துறை பூட்டப்பட்ட 27 வருடமும் அவர்கள் இழந்தது கூரையை மட்டுமன்று, அந்தக் கடற்கரை முற்றத்தையும். கடலிலிருந்து தூரத்து முகாமில் வலையையும் இயந்திரத்தையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி வாழ்ந்தவர்கள் அவர்கள்.

ஆகவே வீட்டுத் திட்டம் வகுப்போரிடம் கேட்கவேண்டியது இது. எத்தனை சதுர அடி என்பதற்கு முன், எத்தனை பரப்பு என்று சொல்லுங்கள். காணியில்லாதவருக்குக் காணி கொடுங்கள், முற்றத்தோடு கொடுங்கள். படைகளிடம் இருக்கும் வளவுகளை உரியவரிடம் விடுங்கள். வெளிநாட்டிலிருக்கும் உறவுகளே, பூட்டிய வளவில் ஒரு கேற்றைத் திறந்துவிடுங்கள். அயல்பிள்ளைகள் விளையாடவும் நாலு வீட்டார் தண்ணீர் அள்ளவும் அது போதும். உறுதி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

வலிகாமம் வடக்கில் காணி விடுவித்த நாட்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு உள்ளே போனவர்களுக்குத் தம் வீடு தெரியவில்லை. பல இடங்களில் சுவர்கூட இல்லை. ஒழுங்கை பற்றைக்குள் மறைந்துவிட்டது. அவர்கள் கிணற்றைத் தேடினார்கள். கட்டின் வளைவையும் துலாக் காலையும் பார்த்து இது எங்கட கிணறு என்று கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள். இதில் குசினி, இதில் சாமியறை, இதில் அம்மா தேங்காய் துருவின இடம்.

முதல் வேலையாக அந்தக் கிணற்றை இறைத்தார்கள். பங்கிருந்த சகோதரங்கள் எல்லாரும் வந்தார்கள். ஒரு பானையில் சோறும் ஒரு கறியும் மரநிழலில் வெந்தன. தலைக்கு மேலே கூரையில்லை. யார் எங்கே இருப்பது என்ற கேள்வியும் அன்றைக்கு எழவில்லை.